விழிஞ்ஞத்திலிருந்து பிந்தி வந்த ரிசல்ட்

ஆரியசாலையில் கொப்பரை மொத்தக் கடை வைத்திருந்தவரின் மகள் வடிவாம்பாள். அவள் கம்ப்யூட்டர் படித்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. கல்லூரியில் கணிதம் முடித்த வருஷம் பார்த்து வைத்திருந்த சம்பந்தம் தட்டிப்போயிற்று. பெண் வீட்டில் சும்மா இருந்தால் முகம் வாடிவிடும் என்று அப்பா அவளை ஒரு டிப்ளமோவில் சேர்த்துவிட்டார். டிப்ளமோ முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்த பத்மகுமார் மாப்பிள்ளையாக வந்தார், கரமனையில் குடித்தனம், இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் கம்ப்யூட்டர் அவளை விடவும் இல்லை, அவள் அதை விடவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் திரவியம் என்பவர் சின்னதாக ஒரு சாப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்களில் வடிவாம்பாளும் ஒருத்தி. திரவியத்தின் அப்பாவுக்கும் ஆரியசாலையில்தான் கடை, இவர்கள் கடைக்கு நேர் எதிரே. ஆபீஸில் மற்ற எல்லோருக்கும் அவர் திரவியம் சார். அதனால் இவளுக்கு மட்டும் அண்ணாச்சி.

அவள் எழுதும் ப்ரோக்ராமுக்கு ஒரு பெயர் இருந்தது. வேகமாக ஓடும் என்பதற்காக அல்ல. அதை எழுதியவள் லீவில் போயிருந்தாலும் இன்னொருத்தர் திறந்து பார்த்தால் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும், ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் உடையாது. திரவியம் இதைக் கவனித்து வைத்திருந்தார். இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வடிவு, இனிமே நீ கோட் எழுதாண்டாம்."

"ஏன் அண்ணாச்சி, ஏதும் தப்பு வந்துச்சா?"

"தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒன்ன ஆர்க்கிடெக்ட் ஆக்கியிருக்கேன். என்னத்தக் கட்டணும், எத எதோட சேக்கணும், எதப் பிரிச்சு வைக்கணும், இத நீ சொல்லு. எழுதுறதுக்கு ராகேலும் மத்த பிள்ளைகளும் இருக்காங்கல்லா."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பத்மகுமார் சந்தோஷப்பட்டார். அதே வாரம் மணக்காட்டில் வீடு கட்டத் தொடங்கியிருந்த நாத்தனார் போன் பண்ணி, அடுக்களை எந்த மூலையில் வரணும், ஒரு பிளான் போட்டுத் தா என்று கேட்டாள். இது வேறு ஆர்க்கிடெக்ட் என்று வடிவாம்பாள் விளக்கினாள். "அப்பம் நீ கட்டுறதுக்குச் சுவரு கிடையாதா?" என்று நாத்தனார் கேட்டாள். உண்மையில் அந்தக் கேள்விதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷமாக ஏதாவது ஒன்றை ஓட வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழகியவள். இப்போது நாள் பூராவும் பலகையில் கட்டம் போடுவதும், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போடுவதும், நாலு பேரோடு பேசுவதுமாகப் போயிற்று. சாயங்காலம் பஸ் ஏறும்போது இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தால் கைக்கு ஒன்றும் அகப்படாது.

அப்போது வந்ததுதான் ஆஸ்பத்திரி வேலை.

பேட்டையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அதற்கு நெடுமங்காட்டில் ஒரு கிளை, கடலோரத்து விழிஞ்ஞத்தில் ஒரு சின்ன கிளை. மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்றார்கள். கண்காணிப்பாளர் டாக்டர் சுசீலாபாய்க்கு ஒரே ஒரு ஆசைதான். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்:

"விழிஞ்ஞத்துல ஒரு பேஷன்டு அவன் கதைய முழுக்கச் சொல்லியிருப்பான். இங்க அனுப்பினா நாங்க முதல்லேந்து கேப்போம். அவனுக்கு மூச்சு வாங்கும், அப்பமும் கேப்போம். அது வேண்டாம். ஒரு இடத்துல சொன்னா எல்லா இடத்துலயும் தெரியணும். அது மதி, அது போதும் எனக்கு."

திரவியத்தின் ஆசை வேறு. எல்லாவற்றையும் பேட்டையில் ஒரே பெரிய சர்வரில் வைத்து, எங்கிருந்தும் பிரவுசரில் திறக்கும்படி செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் புதுசு. அதைக் காட்டி கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் இன்னும் நாலு ஆஸ்பத்திரியைப் பிடிக்கலாம்.

வடிவாம்பாள் உடனே கட்டம் போட உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே போய் உட்கார்ந்தாள். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் சில நாள், மருந்துக் கடையில் சில நாள், லேபில் சில நாள், பிறகு கிளைகளில். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரி என்று வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் மாறுகிறது. மருந்து விலை வாரத்துக்கு வாரம் மாறும். பில் போடும் விதி நிர்வாகத்தின் மனசுபோல மாறும். லேபில் புது மெஷின் வந்தால்தான் மாற்றம். ஆனால் வந்தால் தலைகீழாக மாறும். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் ஒன்றை இழுக்கும்போது மற்றதெல்லாம் ஆடும். அதைவிடப் பெரிய விஷயம் விழிஞ்ஞத்து டெலிபோன் லைன். கடல் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், செத்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வரும் வரை கிளைக்கும் பேட்டைக்கும் தொடர்பே இருக்காது.

அவள் போட்ட டிசைனில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி ப்ரோக்ராம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் தகவல் அதனிடமே. ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். லைன் செத்தால் செய்தி கிளையிலேயே காத்திருக்கும், லைன் வந்ததும் கிளம்பிப் போகும். கிளை தன் வேலையை நிறுத்தாது.

ராகேல் அதைப் பார்த்துவிட்டுப் பலகை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். பாறசாலைக்காரி, பேச்சில் பாதி மலையாளம், வடிவாம்பாளைவிடப் பத்து வயசு இளையவள், கம்பெனியில் அவளைப்போல வேகமாக எழுத ஆள் கிடையாது.

"சேச்சி, இதெந்தா? ஒரே டேட்டாபேஸ்ல வெச்சா நாலு மாசத்துல தீரும். இது ஓரோருத்தனுக்கும் ஓரோ வீடு. ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கடுதாசு போடணும். கடுதாசு போய்ச் சேந்துச்சான்னு பாக்கணும், சேரல்லேன்னா திரும்பப் போடணும். இதெல்லாம் ஆரு எழுதுவா? நாங்கதானே?"

"விழிஞ்ஞத்துல லைன் போச்சுன்னா?"

"லைன் வந்த பெறவு செய்யட்டு."

"நோயாளி அதுவரைக்கும் நிக்கமாட்டானே, ராகேலு."

"செரி, நிக்கமாட்டான். அதுக்காக மருந்துக் கடையையும் பில்லையும் எதுக்குப் பிரிக்கணும்? ரெண்டும் ஒரே ஹாலுக்குள்ளதானே இருக்கு? அங்க லைன் எங்க போவுது?"

வடிவாம்பாள் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். ராகேல் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரித்து வைத்தால் ஒரு தொல்லை, சேர்த்து வைத்தால் வேறொரு தொல்லை. தொல்லையே இல்லாத டிசைன் என்று ஒன்று கிடையாது; எந்தத் தொல்லையை இந்த ஆஸ்பத்திரி தாங்கும், எதைத் தாங்காது என்பதை யாராவது முடிவு பண்ண வேண்டும். அந்த யாராவது இப்போது தான்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் சரியாக உறைத்தது. கோட் எழுதிய காலத்தில் தப்பு வந்தால் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. இங்கே தப்பாக ஒரு கோடு போட்டுவிட்டால் அதன்மேல் ஆறு பேர் மாசக்கணக்கில் கட்டிவிடுவார்கள்.

மறுநாள் பலகையில் பாதியை அழித்தாள். ஓ.பி., மருந்துக் கடை, பில் மூன்றையும் ஒன்றாக்கினாள். லேபைத் தனியாக வைத்தாள். கிளைகளைத் தனியாக வைத்தாள். "இதுக்குமேல என்னால விட முடியாது" என்றாள். ராகேல் பார்த்துவிட்டு, "இது கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றாள்.

திரவியத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. பிரவுசர் இல்லாமல் எப்படி விற்பது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். "லைன் இருந்தாத்தான் பிரவுசர் அண்ணாச்சி. விழிஞ்ஞத்துல வெள்ளை ஸ்க்ரீனக் காட்டி யார்ட்ட விக்கியது?" என்று அவள் கேட்ட பிறகு ஒருவழியாக இறங்கிவந்தார்.

சாப்ட்வேர் ஓடத் தொடங்கிய முதல் துலாவர்ஷத்திலேயே, அந்த ஐப்பசி மழையில், இடி விழுந்து விழிஞ்ஞத்து மோடம் கருகிப்போயிற்று. புது மோடம் வாங்கிப் பூட்டும் வரை கிளை தன்பாட்டில் சீட்டு எழுதியது, ரத்தம் சோதித்தது, மருந்து கொடுத்தது. லைன் வந்ததும் எல்லாம் வரிசையாகப் பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் சுசீலாபாய் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். திரவியம் வருகிறவர்களிடமெல்லாம் அந்த மோடம் கதையையே சொன்னார். வடிவாம்பாளுக்கு அப்போதுதான் தன் வேலை எங்கே இருக்கிறது என்று கண்ணில் பட்டது. ஏதோ ஒரு கெடுதல் நடக்காமல் இருந்தது. அதுதான் அவள் செய்தது.

அந்த நிம்மதி மறுவருஷம் வைகாசி நடுவில் வரும் எடவப்பாதி மழை வரைக்கும்தான் இருந்தது.

பிச்சைக்கனி என்று ஒருவர். தமிழ் பேசும் தெற்கத்திச் சீமையிலிருந்து விழிஞ்ஞத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். சர்க்கரை நோய், காலில் ஆணி குத்திப் புண் ஆறாமல் விழிஞ்ஞத்துக் கிளைக்கு வந்தார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. இன்சுலின் போட்டார்கள். புண் மோசமாக இருந்ததால் ஆம்புலன்சில் பேட்டைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு லைன் இல்லை. அதனால் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பேட்டையில் சேர்த்து, மருந்து கொடுத்து, மறுநாள் காலையில் திரும்ப ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அது வரைக்கும் எல்லாம் சரி.

அந்த ரிசல்ட் ஸ்க்ரீனில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் விழிஞ்ஞத்து லைன் உயிர் பெற்றது. காத்திருந்த செய்தியெல்லாம் கிளம்பி வந்தது. முந்தின நாள் எடுத்த அந்தப் பழைய ரிசல்ட்டும் வந்தது. கடைசியாக வந்தது அதுதான் என்பதால் ப்ரோக்ராம் அதையே கடைசி ரிசல்ட்டாக எடுத்துக்கொண்டு புதியதை ஓரமாகத் தள்ளிவிட்டது. ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்தார், இவ்வளவு சர்க்கரையா என்று இன்சுலின் எழுதினார். ஊசியில் மருந்தை ஏற்றியாயிற்று, போடப்போகும் நேரம் டாக்டர் சுசீலாபாய் அந்தப் பக்கம் வந்தார். பிச்சைக்கனிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, கை நடுங்கியது. சர்க்கரை கூடினவன் உடம்பு இப்படி இருக்காதே என்று அவர் ஊசியை நிறுத்தச் சொல்லி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கையிலிருந்த சின்ன மெஷினில் பார்த்தார். சர்க்கரை தாழ்ந்து கிடந்தது. ஊசிக்குப் பதிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த ஊசி போயிருந்தால் ஆள் மயங்கியிருப்பார். அதற்கு மேலும் ஏதாவது ஆகியிருக்கலாம்.

செய்தி வந்ததும் வடிவாம்பாள் கழக்கூட்டத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பேட்டைக்குப் போனாள். முதலில் வார்டுக்குத்தான் போனாள். பிச்சைக்கனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"டாக்டரம்மாவா?"

"இல்ல. இங்க கம்ப்யூட்டர்ல ஒங்க ரிசல்ட்டு வருதுல்லா, அத உண்டாக்கினவ."

"ஓ, அந்தப் பொட்டியா? அதுல என்ன காட்டுதோ அதுதான் செரின்னு இங்க சொல்லுதாவ."

"காலைல அது தப்பாக் காட்டிப்போட்டு. அது என் தப்பு."

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தார். "நான் உசுரோடதான இருக்கேன்" என்றார். பிறகு, "இனிமே காட்டாதுல்லா?" என்று கேட்டார். காட்டாது என்று அவளால் உடனே சொல்ல முடியவில்லை. "பாத்துச் செரியாக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மத்தியானம் சுசீலாபாயின் அறையில் கூட்டம். திரவியம் வந்திருந்தார், ராகேலும் வந்திருந்தாள். சுசீலாபாய் குரலை உயர்த்தவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

"எனக்க ஸ்க்ரீன் எனக்குப் பொய் சொல்லியிருக்கு. ஒரு தடவ பொய் சொன்னா பெறவு எத நான் நம்புவேன்?"

திரவியம் முந்திக்கொண்டார். "மேடம், நாங்க மொத்தமா மாத்திடுதோம். எல்லாத்தையும் பேட்டையில ஒரே இடத்துல வெச்சிருவோம். நான் ஆதியிலேயே சொன்னதுதான். இந்தச் செய்தி போறது வாறது ஒண்ணும் வேண்டாம். எழுதின பிள்ளைகள்ட்டயும் கேக்கேன், எங்க தப்பு விட்டாங்கன்னு."

"எழுதினதுல தப்பு இல்ல அண்ணாச்சி" என்றாள் வடிவாம்பாள். "நான் சொன்னத அப்படியே எழுதியிருக்காங்க. நான் சொன்னதுதான் தப்பு. எது கடைசியா வந்து சேருதோ அது கடைசி ரிசல்ட்டுன்னு சொன்னேன். ரத்தம் எப்பம் எடுத்தாங்கன்னு பாக்கச் சொல்லல. லைன் செத்தாக் காத்திருக்கணும்னு யோசிச்சேன். காத்திருந்து வாறது பழசாப் போயிருக்கும்னு யோசிக்கல."

அடுத்துப் பேசினது ராகேல். அந்த டிசைனை ஆரம்பத்தில் எதிர்த்தவள் அவள்தானே; திரவியம் அவளிடமிருந்து ஆதரவை எதிர்பார்த்து அவள் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரே இடத்துல வெச்சிருந்தா அன்னைக்கு விழிஞ்ஞத்துல ரத்தம் பாத்த ரிசல்ட்ட எங்கயும் ஏத்தியிருக்க முடியாது. பழைய சீட்டு, பழைய மருந்து, ஒண்ணும் தெறக்காது. லைன் வாற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி கண்ணு கட்டின மாதிரி. இதுல தப்பு வந்தது சத்தியம். ஆனா அதுல வேற தப்பு வரும். அத நாம இன்னும் பாக்கல்ல, அவ்வளவே உள்ளூ."

சுசீலாபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செரியாக்க எத்தன நாள் வேணும்?"

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொரு ரிசல்ட்டுக்குப் பக்கத்துலயும் ரத்தம் எடுத்த நேரம் தெரியும்படி பண்ணுதோம். எதையும் தள்ளி வைக்காது, எல்லாத்தையும் காட்டும்" என்றாள் வடிவாம்பாள். "மத்தத நாங்க விழிஞ்ஞம் போய்ப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும் மேடம்."

இரண்டு பேரும் மறுநாளே விழிஞ்ஞத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கே போனதும் ராகேல் முதலில் பார்த்தது கிளைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை. பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போய்ப் போய் வந்ததில் உள்ளே இருந்த பேட்டரி செத்திருந்தது. நேரம் தாறுமாறாகக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ரத்தம் எடுத்த நேரத்தை எழுதி வைத்தாலும் அந்த நேரமே பொய்யாக இருந்தால் என்ன பிரயோஜனம்? ஒரு ஓட்டையை அடைக்கப் போனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது.

உச்சிவேளையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராகேல் மீன் வாங்கினாள், வடிவாம்பாள் மோரும் சோறும். ராகேல் மீனைத் தொடாமல் சொன்னாள்:

"சேச்சி, ஒரு காரியம் சொல்லணும். அத எழுதின சமயத்துலயே எனக்குத் தோணிச்சு, ரெண்டு ரிசல்ட்டு முன்ன பின்ன வந்தா எந்து செய்யும்னு. கேக்கலாம்னு நெனச்சேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"பலகையில அத்தன தடவ எங்கிட்டயே தர்க்கம் பண்ணி ஜெயிச்சீங்க. அதும் போக, ஒங்கள ஆர்க்கிடெக்ட் ஆக்கியிருக்காங்க. நீங்க யோசிச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

தன் டிசைனில் இருந்த ஓட்டையைவிட இது பெரிய ஓட்டையாக வடிவாம்பாளுக்குப் பட்டது. கோட் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ராகேல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, இது உடையும் சேச்சி, அது உடையும் சேச்சி என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பட்டம் வந்து, பலகை முன் நடந்த அந்தத் தர்க்கமும் முடிந்த பிறகு அந்தக் குரல் நின்றுபோனதை அவள் கவனிக்கவே இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், டிசைன் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஜெயிக்கல ராகேலு, நீ பேசாம இருந்துட்ட. மீன் ஆறுது, சாப்பிடு" என்றாள்.

அந்த வாரம் ஆபீஸில் பலகை முன்னால் எல்லோரையும் உட்கார வைத்தாள். தன் கட்டங்களை வரைந்து முடித்துவிட்டு, "இத எப்படி ஒடைக்கலாம், சொல்லுங்க" என்றாள். ராகேல்தான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு அம்புக்குறியாக எடுத்து, இந்தச் செய்தி பிந்தி வந்தால் என்ன, இரண்டு தடவை வந்தால் என்ன, வராமலே போனால் என்ன என்று கேட்டுக்கொண்டே போனாள். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சில கேள்விகள் அசட்டுத்தனமாக இருந்தன. சிலவற்றைக் கேட்டதும் வடிவாம்பாள் பலகையில் அந்த இடத்தை அழித்து மறுபடி வரைந்தாள். அதற்குப் பிறகு அவள் வாரத்தில் ஒரு நாள் தானும் உட்கார்ந்து கோட் எழுதினாள். திரவியம் முகம் சுளித்தார். "நான் சொல்றத எழுதிப் பாத்தாத்தான் அது எங்க குத்துதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் போயின. லைன் வரும்போதெல்லாம் கிளைக் கம்ப்யூட்டர் பேட்டையோடு கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டது. ரிசல்ட்டுகள் ரத்தம் எடுத்த நேரப்படி அடுக்கி நின்றன. கடைசியாக அவள் சேர்த்தது ஒரு மஞ்சள் பட்டை. எந்தக் கிளையோடு லைன் இல்லையோ, அந்தக் கிளை நோயாளியின் ஸ்க்ரீனில் மேலே மஞ்சளாக ஒரு வரி வரும்: விழிஞ்ஞத்திலிருந்து இத்தனை மணிக்குப் பிறகு தகவல் இல்லை.

சுசீலாபாய்க்கு முதலில் அது பிடிக்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு மெஷின் சொல்லணுமா? பேஷன்டு பாத்தா எந்து நெனைப்பான்?"

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி காட்டினதுனாலதான் மேடம் அன்னைக்கு அப்படி ஆச்சு."

அந்த வரி அப்படியே நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் டாக்டர்கள் ஸ்க்ரீனைத் திறந்ததும் முதலில் மேலே மஞ்சள் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள் என்று ஒரு நர்ஸ் ராகேலிடம் சொன்னாளாம்.

திரவியம் கனவு கண்ட கொச்சியும் கோழிக்கோடும் வரவில்லை. பெரிய கம்பெனிகள் பளபளப்பான சாப்ட்வேரோடு வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டன. இந்த ஒரு ஆஸ்பத்திரியும் சில கூட்டுறவு சங்க வேலைகளுமாகக் கம்பெனி ஓடியது. பெங்களூரிலிருந்து வடிவாம்பாளுக்கு இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சம்பளம் கேட்டால் மலைப்பாக இருந்தது. பெண்களின் படிப்பு, பத்மகுமாரின் வேலை எல்லாவற்றையும் யோசித்து வேண்டாமென்றாள். அதில் வருத்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில நாள் பஸ்ஸில் வரும்போது அந்த இன்னொரு வாழ்க்கையை நினைத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஏழில் ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு பெரிய மெஷின் வந்து இறங்கியது. அதை விற்ற பெங்களூர் கம்பெனி தன் சாப்ட்வேரையும் கூடவே கொண்டுவந்தது. லேபுக்கு இனி அதுதான். இவர்கள் எழுதியது வேண்டாம். அதற்குள் ராகேலும் ஆர்க்கிடெக்ட் ஆகியிருந்தாள். புது மெஷினை மற்றப் பகுதிகளோடு பேச வைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய லேப் ப்ரோக்ராமை நிறுத்திவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து வடிவாம்பாள் போன் மணிக்காகக் காத்திருந்தாள். பில் நின்றுபோச்சு என்றோ, விழிஞ்ஞத்திலிருந்து ஒன்றும் வரவில்லை என்றோ யாராவது கூப்பிடுவார்கள். மத்தியானம் சுசீலாபாய் கூப்பிட்டார். அடுத்த மாதம் தான் ஓய்வு பெறுவதாகவும், ஒரு சின்ன விருந்து இருப்பதாகவும், கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். லேபைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வடிவாம்பாளே தயங்கிக் கேட்டாள்.

"மேடம், லேப்ல புதுசு ஓடுதா? ஏதும் பிரச்சினை...?"

"புதுசா? ஓ, மாத்தியாச்சா? எனக்குத் தெரியாது மோளே. இன்னைக்கும் எல்லாம் வந்துச்சே."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பத்மகுமாரிடம் இதைச் சொன்னாள். அவர் பேப்பரை மடக்கி வைத்தார்.

"அப்பம் நீ பண்ணின லேபைத் தூக்கிப் போட்டுட்டானா?"

"ஆமா. முழுசா."

"அஞ்சு வருஷம் ஓடிச்சே வடிவு. வருத்தமா இருக்கா?"

"தூக்கினாங்க, தனியா வெச்சதுனால மத்த ஒண்ணும் அசையல. கேட்டியளா? டாக்டருக்கே தெரியல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவள் எழுந்து மரச்சீனிக் கிழங்கு வேகப்போட அடுக்களைக்குள் போனாள்.